இரண்டாவது சொல்

“இந்த அட்டைய ஒதுக்கிருங்க. படத்துல இருக்கிற சேலையில பிற்பாடு யாரோ சாயம் பூசியிருக்காங்க.”

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார் அந்தோனிமுத்து. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். ஹட்டனில் வருஷா வருஷம் நடக்கும் பழைய படத் தபாலட்டைக் கண்காட்சிக்கு அவர்தான் நடுவர். ஒட்டுப்போட்ட மூலை, கள்ள முத்திரை, வெட்டித் திருத்திய ஓரம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

சுமனுக்கு முகம் தொங்கிப் போனது. அட்டை அவனுடையது.

“வித்தவன் என்னைய ஏமாத்திட்டான் ஐயா. எனக்குத் தெரியாது.”

“தெரியாம வச்சிருந்தாலும் பொய் பொய்தான் தம்பி.”

பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஜெயந்தினிக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் கொஞ்சம் தன்மையாகச் சொல்லியிருக்கக் கூடாதா?

மண்டபத்தின் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் அந்தோனிமுத்துவின் அட்டை, ஒன்றே ஒன்று. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய படம். கூடையோடு ஐந்து பெண்கள் நிற்கிறார்கள். கீழே ஆங்கிலத்தில் ‘தமிழ்’, அப்புறம் பொடிசாக ஒரு தேயிலைக் கொளுந்துப் படம், இரண்டு இலையும் ஒரு மொட்டும், அப்புறம் ‘பெண்கள், சிலோன்’.

கொளுந்து அச்சான அட்டை உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று சேகரிப்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஒரு ஜெர்மன்காரர் கேட்ட விலைக்கும் அவர் அசைந்து கொடுக்கவில்லையாம். பக்கத்தில் ‘போட்டிக்கு அல்ல’ என்று அவர் கையாலேயே எழுதிய சீட்டு. பெரிய மனுஷனுடைய அடக்கம் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

ஜெயந்தினி கைப்பையைத் திறந்தாள். அவளும் அட்டை சேகரிப்பவள்தான். போன வாரம்தான் லண்டனிலிருந்து அவளுக்கு ஒரு அட்டை வந்திருந்தது. அதே படம், அதே ஐந்து பெண்கள். ஆனால் கொளுந்து இல்லை. அந்த இடத்தில் ‘கூலி’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

இரண்டில் எது அசல்? அந்தக் குடைச்சலோடுதான் அவள் காலையில் நுவரெலியாவில் பஸ் ஏறியதே.

பெட்டி மேல் குனிந்து, போனில் வெளிச்சம் அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். கொளுந்தைச் சுற்றி மட்டும் காகிதம் லேசாகப் பஞ்சுபோல எழும்பியிருந்தது. யாரோ பிளேடால் சுரண்டி, கஞ்சி தடவி வழித்து, அதன் மேல் மையால் வரைந்திருக்கிறார்கள். கெட்டிக்காரக் கை.

“இங்க பாருங்க, சுரண்டியிருக்கு” என்றாள் மெதுவாக.

சுமன் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு குஷி.

“அட! ஊருக்கெல்லாம் நியாயம் சொல்றவரு செஞ்ச வேலையப் பாரு! இரு, மைக்குல சொல்லிருவோம். இன்னையோட அவரு நடுவர் வேலை முடிஞ்சிச்சு.”

“அவசரப்படாதீங்க. மொதல்ல அவருகிட்டயே கேப்போம்.”

சுமன் கேட்கிற ஆளா? மேடையிலிருந்த மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவள் பின்னால் வந்தான்.

ஜெயந்தினி தன் அட்டையை மேசையில் வைத்தாள்.

“ஐயா, இது பொய்யா, இல்ல பெட்டிக்குள்ள இருக்கிறது பொய்யா?”

அந்தோனிமுத்து பூதக்கண்ணாடியைத் தொடவே இல்லை.

“ஒன்னோடது அசல், மகள். என்னோடதுதான் பொய். சுரண்டுனது நான், வரைஞ்சதும் நான். போட்டிக்கு அல்லன்னு அதுக்காகத்தான் எழுதி வச்சேன். கேட்டா சொல்லிருவோம்னு இருபத்தஞ்சு வருஷமா கொண்டாந்து வைக்கிறேன். ஒருத்தரும் கேக்கல.”

“அந்தச் சொல்லுக்கு வெக்கப்பட்டு அழிச்சீங்களா ஐயா?”

“எனக்கென்னா வெக்கம்? வெள்ளக்காரனுக அப்படித்தானே நம்மளக் கூப்புட்டானுக.”

அவள் அட்டையில் நடுவில் நின்ற பெண்ணின் மேல் அவர் விரல் போனது.

“இது எங்கம்மா. இராசம்மா. படத்துல பதினாலு வயசு. கண்டியில ஒரு பழைய கடையில இந்த அட்டையப் பாத்து வாங்கிட்டு வந்து குடுத்தேன். அப்ப அவங்களுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. மூஞ்சிகிட்ட வச்சு உத்து உத்துப் பாத்து, நடுவுல நிக்கிறது நாந்தான்டான்னாங்க. கீழ என்னா எழுதியிருக்கு, வாசின்னாங்க. ‘தமிழ், பெண்கள், சிலோன்’னு வாசிச்சேன்.”

“அவங்களுக்கு வாசிக்கத் தெரியாதா?”

“தெரியாது. ஆனா எண்ணத் தெரியும். நாள் தவறாம கொளுந்து நிறுக்கிற தராசுகிட்ட நின்ன பொம்பளையாச்சே. ‘நீ மூணு சொன்ன, மங்கலா நாலு தெரியுதேடா. ரெண்டாவது என்னா?’ன்னு புடிச்சிக்கிட்டாங்க. அந்தச் சொல்ல அம்மா மூஞ்சிக்கு நேரா வாசிக்க எனக்கு நாக்கு எழும்பல. ‘அது எழுத்து இல்லம்மா, ஒங்களுக்காகக் கொளுந்து போட்டிருக்கான்’னு சொல்லிட்டேன். அவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு. லயத்துல வீடு வீடா சொல்லி முடிச்சிட்டாங்க.”

சுமன் மைக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“அதான் நம்பிட்டாங்களே, ஐயா” என்றாள் ஜெயந்தினி. “அதோட விட்டிருக்கலாமே. எதுக்கு அட்டையில கை வச்சீங்க?”

“எப்படி விடுறது மகள்? அடுத்த வாரமே கண் ஆபரேஷன். கட்டு அவுத்ததும் மொதல்ல அந்தக் கொளுந்தத்தான் பாக்கணும்னு சொல்லிட்டாங்களே.”