கடைசி எபிசோடு

“யாருடி இந்தக் கட்டமுடிக்காரன்?” மகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள் சுருளியம்மாள். சட்டை போட்ட ஓர் உருவம் மழையில் நனைந்தபடி திரையில் அழுதுகொண்டிருந்தது.

“அது பையன் இல்லம்மா, பொம்பளப் புள்ள. தாய்லாந்து நாடகம்” என்றாள் முத்துப்பிரியா.

சுருளியம்மாள் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். காதில் தோடு தெரிந்ததும் முகம் தெளிந்தது. “இதுக்கா இப்படி அழுகுற? நான்கூட எவனோ ஒருத்தன்னு பயந்துட்டேன்.”

இயர்போனின் மறுமுனையைத் தன் காதில் செருகியிருந்த அனுசியா சிரித்தாள். “நான் கூட இருக்கேன்ல அத்தை. எவன் வந்துருவான்?”

ராசிங்காபுரத்தில் அனுசியாவின் வீடு அடுத்த தெருதான். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் இருவருக்கும் காய் தரம் பிரிக்கும் வேலை. ஒரே பஸ்சில் போய் ஒரே பஸ்சில் திரும்பினார்கள். மகள் தனியாகப் போய்வரவில்லை என்பதில் சுருளியம்மாளுக்குப் பெரிய நிம்மதி.

நாடகத்தில் கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி காதலித்தார்கள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை முத்துப்பிரியா தமிழில் சொல்வாள். சொல்லும்போதே குரல் உடையும். தனக்குள் இருப்பதை இன்னொருத்தி வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒருநாள் திரும்பும் பஸ்சில், துப்பட்டாவுக்கு அடியில் முத்துப்பிரியாவின் விரல்களைக் கோத்துக்கொண்டு, “நமக்கும் அதேதான்” என்றாள் அனுசியா. அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முத்துப்பிரியாவின் அண்ணன் பிரபு, போடிமெட்டுத் தோட்டத்துக்கு ஜீப்பில் உரம் ஏற்றிப் போனான். இவர்களும் தொற்றிக்கொண்டார்கள். வளைவுகளில் தலை சுற்றும் என்று அனுசியா முன்னால் பிரபுவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். முத்துப்பிரியா பின்னால், மூட்டைகளுக்கு நடுவில்.

மேலே பிரபு மூட்டைகளை இறக்கப் போனான். பனி இறங்கிக்கொண்டிருந்த சாலையோரத்தில் இருவரும் நின்றார்கள்.

“திருப்பூர்ல எனக்கு மாப்ள பாத்துட்டாக. ரெண்டாந்தாரம். மாமா பேசி முடிச்சு, அவுக வீட்டுல கை நனைச்சிட்டு வந்துட்டாரு” என்றாள் அனுசியா.

முத்துப்பிரியா அவள் கையைப் பிடித்தாள். “நாம எங்கயாச்சும் போயிருவோம்டி.”

“எங்க போக? அப்பா இல்லாத வீடு. எங்கம்மாவ யாரு பாக்குறது?” அனுசியா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “நான் உங்க வீட்டுல பேசுறேன். அத்தைக்கு என்மேல உசுரு.”

“கொன்னுருவாகடி.”

“மாட்டாக. என்னைய விட்டு உன்னால இருக்க முடியுமா?”

“முடியாது.”

“அப்ப நான் எப்படிப் பேசி முடிச்சாலும் நீ மறுத்துப் பேசக் கூடாது.”

முத்துப்பிரியா யோசிக்கவே இல்லை. அனுசியாவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் சாயங்காலம் கடைசி எபிசோடைப் பார்த்தார்கள். வீட்டை விட்டுத் துரத்திய அம்மாவே கதவைத் திறந்து, இரண்டு பெண்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முத்துப்பிரியா தேம்பினாள். அனுசியாவின் கண் நனையவில்லை.

“நாடகத்துல கதவு லேசாத் தொறந்துருது” என்றபடி எழுந்தாள். “எல்லாரும் வீட்டுலதான் இருக்காக. நீ தொழுவத்துப் பக்கம் போயிரு. நீ நின்னா எனக்குப் பேச வராது.”

தொழுவத்தில் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள் முத்துப்பிரியா. முதலில் அப்பா காமராஜின் குரல் உயர்ந்தது. அப்புறம் அம்மா அழுவது கேட்டது. பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அடி விழுந்தால் ஓடிப்போய்க் குறுக்கே விழ வேண்டும் என்று காத்திருந்தாள்.

“ஏய் முத்து, உள்ள வா” என்று அப்பா கூப்பிட்டார்.

உள்ளே போனாள். சுருளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுசியாவின் தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் பொய்க்கோபத்தோடு முறைத்தாள்.

“உனக்கு எல்லாந் தெரியுமாம்ல? இத்தன நாளா என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? பெத்தவகிட்ட மறைக்கிற விசயமாடி இது?”

முத்துப்பிரியா அனுசியாவின் முகத்தைப் பார்த்தாள்.

“விடு சுருளி” என்றார் காமராஜ். “முதல்ல எனக்கும் கோவந்தான் வந்துச்சு. ஊரு பேசத்தான் செய்யும், பேசட்டும். அவுக மாமன்கிட்ட நான் பேசிக்கிறேன். மனசுக்குப் புடிச்சவுகள பிரிச்சு வச்சு நாம என்னத்தக் கண்டோம்?”

முத்துப்பிரியாவுக்கு அண்ணனை நினைத்துத்தான் பயம் அதிகம். அவனோ சுவரோரமாகத் தலை நிமிராமல் நின்றான். ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை.

“இனிமே அவ எங்கயும் போக வேணாம்” என்றாள் சுருளியம்மாள். “காலத்துக்கும் இந்த வீட்டுப் புள்ளதான்.”

அதற்குமேல் முத்துப்பிரியாவால் தாங்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் ஓடிப்போய் அனுசியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நெசமாவா அனு?” அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அனுசியா மெதுவாகத் தன் கைகளை விடுவித்துக்கொண்டு, பிரபுவின் பக்கத்தில் போய் நின்றாள்.

“இனிமே என்னைய மதினின்னு கூப்புடு, முத்து.”