நடுத்துண்டு

மாமியார் போட்டுக் கொடுத்த மீன் குழம்புச் சோற்றை மதிவதனி கொல்லை வாழையடியில் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். விரால் மீனில் நடுத்துண்டு. பெற்ற மகனுக்கு வாலைப் போட்டுவிட்டு மருமகளுக்கு நடுத்துண்டு வைக்கிற மாமியார் இந்தப் பாபநாசத்தில் வேறு எந்த வீட்டில் இருக்கிறாள்?

அதுதான் அவளுக்கு உதைத்தது. கல்யாணமான புதிதில் ரெத்தினம் அம்மாள் அவளிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசியதில்லை. தன் தம்பி மகளை விட்டுவிட்டு மகன் இளவழகன் வெளியில் பெண் எடுத்துவிட்டான் என்ற ஆத்திரம். அதே மனுஷி மூன்றாம் மாதத்தில் தலை சீவிப் பூ வைத்துவிடுகிறாள், "சாப்புட்டியா தங்கம்?" என்று வேளைக்கு நாலு தரம் கேட்கிறாள் என்றால் சும்மாவா?

மருந்து. சந்தேகமே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் விற்கிற மருந்து இல்லை இது. ஆளை மயக்கித் தன் கைக்குள் போட்டுக்கொள்ள, தின்கிற பண்டத்தில் தெரியாமல் கலந்து வைப்பார்களாமே, அது.

மதிவதனிக்குத் தாய்ப்பாலோடு ஊட்டிய பாடம். அவளுக்கு ஐந்து வயதில் தாராசுரத்து வீட்டை விட்டு அப்பா இன்னொருத்தியோடு போய்விட்டார். ஆசைப்பட்டுத்தான் போனார் என்று தெருவே சொன்னது. அம்மா அம்சம் மட்டும், அந்தச் சிறுக்கி ஒரு தம்ளர் காப்பியில் மருந்து வைத்து மடக்கிவிட்டாள் என்று அடித்துச் சொன்னாள். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பாயசம் ஆகாது, கல்யாணப் பந்தி ஆகாது, ஒரு வாய்த் தண்ணீர்கூட ஆகாது.

"என் கையால தர்றதைத் தவிர எதையும் வாயில வைக்காத. யாரு மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

ஏழாம் வகுப்பில் அனீஸா ஆசை ஆசையாக நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். மதிவதனி அதை வாய்க்காலில் கொட்டியதை அவள் பார்த்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. அவளைப் போல ஒரு சிநேகிதி அப்புறம் கிடைக்கவேயில்லை. இன்றைக்கு நினைத்தாலும் மதிவதனிக்கு நெஞ்சு வலிக்கும். ஆனால் கொட்டியது தப்பு என்று மட்டும் ஒரு நாளும் தோன்றியதில்லை.

இங்கே வந்தும் அம்மா கைப்பண்டம்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்சம் பஸ் ஏறி வந்து பையை இறக்குவாள். மகளுக்குப் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு. மாப்பிள்ளைக்குத் தனியாக, சிவப்பு மூடி டப்பாவில் எள்ளுருண்டை. "அதை நீ தொடாத, எள்ளு உனக்குச் சூடு" என்பாள். மதிவதனியும் திறந்துகூடப் பார்க்காமல் இளவழகன் கையில் கொடுத்துவிடுவாள்.

தானே வடித்த ஒரு பிடி சோறும் பொடியும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? நேற்று துணி துவைக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரெத்தினம் அம்மாள் ஓடிவந்து தாங்கிப் பிடித்து, இளநீர் சீவிக் கொடுத்தாள். இளநீருக்குள் என்னத்தைக் கலக்க முடியும்? ஆனால் சீவியது அவள் கைதானே. குடிக்கவில்லை.

சாயங்காலம் இளவழகனிடம் போட்டு உடைத்துவிட்டாள். ஒன்று தனிக்குடித்தனம், இல்லை அம்மா வீடு. அவனோ, தன்னைப் பெற்றவள் ஆக்கிய சோற்றை விஷமாகப் பார்க்கிறவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது, போவதென்றால் போய்க்கொள் என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டான். அவனை விட்டுப் போக அவளுக்குத் துளியும் மனசில்லை. விடிய விடிய அழுதாள்.

காலையில் சேதி சொன்னதுதான் தாமதம், மத்தியானத்துக்குள் அம்சம் ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றாள்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெட்டியை எடுக்க, அம்சம் லேசாகச் சிரித்தாள். "எதுக்குடி அழுவுற? ரெண்டே நாளு. மாப்பிள்ளை தன்னால உன் பின்னாடியே வந்துடுவாரு, பாரு."

அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து ரெத்தினம் அம்மாள் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் அந்தச் சிவப்பு மூடி டப்பா. கழுவித் துடைத்து, வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாதென்று நிறையச் சர்க்கரை போட்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போறதுன்னா போங்க சம்மந்தி, நான் குறுக்க நிக்கல" என்று டப்பாவை அம்சத்தின் கையில் கொடுத்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். இளவழகன் எள்ளுன்னா தொடவே மாட்டான். வாரா வாரம் நீங்க குடுத்த உருண்டை அத்தனையும் நான்தான் தின்னேன். இம்புட்டு பதமாப் புடிச்சு அனுப்புற வீட்டுப் பொண்ணு மேல எத்தனை நாளைக்குக் கோவமா இருக்க முடியும், சொல்லுங்க?"

அம்சத்தின் கையிலிருந்து டப்பா நழுவியது. சர்க்கரை தரையெல்லாம் சிதறியது. அவள் முகம் வெளிறிப்போய், சம்பந்தியை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள்.

மதிவதனி சர்க்கரையில் கால் படாமல் அம்மா பக்கம் நகர்ந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து, "என்னம்மா, சர்க்கரையில ஏதாச்சும் கலந்திருக்கா?" என்று காதோடு கேட்டாள்.

அம்சம் மகளைப் பக்கத்தில் இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"அடிப் பாவி, நான் வச்சது மாப்பிள்ளைக்குடி."