யார் பெயர் முதலில்

காய்ச்சலோடு எழுந்து ரசம் வைத்துக் கொடுத்த மனைவி மரகதவல்லியிடம், "படுத்துக்கோ, சாயங்காலம் டாக்டர்கிட்ட போலாம்" என்று சொல்லிவிட்டுச் சுகாதாரத் துறை அலுவலகத்துக்குக் கிளம்பினார் தணிகாசலம். டெங்கு சிகிச்சைக்குப் பொதுவான வழிமுறை வகுக்க, அரசும் மருத்துவர் சங்கமும் சேர்ந்து அமைக்கும் குழுவின் கோப்பு அவர் மேசையில் இருந்தது. உறுப்பினர்களில் யார் பெயர் முதலில் வரவேண்டும் என்று கேட்டு, மூன்றாம் முறையாக அதைத் திருப்பி அனுப்பினார்.

"இன்னும் ஒரு மாசம் இழுத்துட்டீங்க சார்" என்று பக்கத்து மேசை எத்திராஜ் சிரித்தார்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் டெங்குவால் மரகதவல்லி இறந்தாள்.

"எவ்வளவு சலைன் ஏத்தணும்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க சார். கவர்மென்ட்டு ஒரு வழிமுறை குடுத்திருந்தா..." என்று இழுத்த இளம் மருத்துவர், படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்: "கவர்மென்ட் வேலைன்னீங்களே, எந்த டிபார்ட்மென்ட்?"

"வருவாய்த்துறை" என்றார் தணிகாசலம்.

பிறகு குழு அமைந்தது, வழிமுறையும் வந்தது. ஆஸ்பத்திரி ஏட்டில் மரகதவல்லியின் கணவர் இன்றும் வருவாய்த்துறையில்தான் இருக்கிறார்.