எந்த ஆயர் ஈத்தாம்?

"அண்ணே, மண்டபம் பூட்டிக் கிடக்கே! பரிசம் போடுற இடம் மாதிரியா இருக்கு இது?"

தேவமலர் வேனை விட்டு இறங்காமலே கேட்டாள்.

காலை எட்டு மணி. ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாம். வேனுக்குள்ளே இருபது டின் முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும். பரிசம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. ஐந்து மணி விசேஷத்துக்கு விடிந்தும் விடியாமல் ஜாசினிலிருந்து கிளம்புகிற ஆள் தேவமலர். பலகாரம் சுட்டு விற்கிறவளுக்கு அந்தப் பதற்றம் போகாது.

வேனை ஓட்டி வந்த பக்கத்து வீட்டு ரங்கசாமி, பெண் வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வந்துட்டோம்மா. கோயில் மண்டபத்து வாசல்லதான் நிக்கிறோம்."

"நான் வாசல்ல கோலம் போட்டுக்கிட்டு இருக்கேன். உங்களைக் காணோமே?" என்றது ஒரு பெண் குரல்.

"கடைத்தெருவுல பூச்சட்டியா அடுக்கி வச்சிருக்காங்களே, அதைத் தாண்டி..."

"பூச்சட்டியா? அது ஜொகூர்ல இருக்கிற ஆயர் ஈத்தாம். ஐயா, இது பினாங்கு ஆயர் ஈத்தாம் லா!"

ரங்கசாமிக்கு வேர்த்துவிட்டது. நாற்பது வருஷம் லாரி ஓட்டின மனுஷன். வடக்கே பாடாங் பெசாரிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரைக்கும் எந்த வளைவில் எந்தக் கடை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஊரில் அவருக்குப் பேரே மேப்பு ரங்கசாமி.

போனைத் தடவிப் பார்த்தார். தேவிஸ்ரீ அனுப்பியிருந்த விலாசம் இருந்தது. 'ஆயர் ஈத்தாம், ஜொகூர்.'

தேவிஸ்ரீ, தேவமலரின் மருமகள். வந்து மூன்று மாசம்தான் ஆகிறது. ஆர்டர் எடுப்பது, விலாசம் அனுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. போன மாசம் ஐநூறு முறுக்கை ஐம்பது என்று எழுதிவிட்டாள். "இன்னொரு தப்பு நடந்துச்சு, ஆர்டர் பக்கமே நீ தலை வச்சுப் படுக்கக் கூடாது!" என்று மாமியார் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரங்கசாமிக்கே புரையேறிவிட்டது. கொல்லைப்பக்கம் நின்று அந்தப் பிள்ளை அழுததையும் பார்த்தார்.

"அண்ணே, அந்த விலாசம்..." என்று இழுத்தாள் தேவமலர்.

"என் தப்புதான் தங்கச்சி!" ரங்கசாமி முந்திக்கொண்டார். "மருமக பினாங்குன்னு தெளிவாத்தான் அனுப்பியிருக்கு. நான்தான் ஏதோ ஞாபகத்துல தெக்க திருப்பிட்டேன்."

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் அந்தச் செய்தியை அழித்தார்.

தேவமலர் அவரையும் போனையும் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். திறந்த வாய், வேன் வடக்கே திரும்பி யோங் பெங் ஊரைத் தாண்டியும் மூடவில்லை.

"மேப்பாம் மேப்பு! வடக்கு எது தெக்கு எதுன்னு தெரியாத ஆளுக்கு லைசென்ஸ் குடுத்த புண்ணியவான் யாரு?"

ஜாசின் டோல் வந்தது.

"பாருங்க, கிளம்பின இடத்துக்கே கூட்டியாந்துட்டீங்க. இதுக்கு நான் வீட்டுலயே படுத்திருக்கலாம்."

சிரம்பானில் ரங்கசாமி கொட்டாவி விட்டார். அவ்வளவுதான், தேவமலர் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஈப்போவுக்கு முன்னால் ஓய்விடத்தில் நிறுத்தச் சொல்லி, கெட்டியாக, பால் விடாத கோப்பி ஓ ஒன்று வாங்கி நீட்டினாள்.

"குடிங்க. இதாவது எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியுமா?"

ரங்கசாமி கோப்பியை வாங்கிக்கொண்டார். திட்டு நமக்கு, அந்தப் பிள்ளை தப்பிச்சுது என்று அந்தப் பேச்சையும் கோப்பியோடு சேர்த்து முழுங்கினார்.

பினாங்குப் பாலத்தில் ஜாம். அதையும் தாண்டி மண்டபத்து வாசலில் வேன் நின்றபோது மணி நாலு இருபது. மளமளவென்று டின்கள் இறங்கின, தட்டுகள் நிறைந்தன. பெண்ணின் அம்மா ஓர் அதிரசத்தைப் பிட்டு வாயில் போட்டாள்.

"நாடு பூரா சுத்தி வந்தும் ஒண்ணுகூட உடையலையே! ராத்திரி இங்கேயே தங்கிட்டு நாளைக்குப் போங்க."

அப்பாடா என்று இரண்டு பேரும் மண்டபத்து ஓரமாக நாற்காலி போட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். தேவமலரின் போன் அடித்தது. தேவிஸ்ரீதான்.

"அத்தை, போய்ச் சேந்துட்டீங்களா? அந்த விலாசம்..."

"அது மாமா தப்பும்மா!" ரங்கசாமி எட்டிப் போனுக்குள் கத்தினார். "நீ சரியாத்தான் அனுப்பினே!"

"எல்லாம் நேரத்துக்குச் சேந்தாச்சு. நீ சாப்பிடு" என்று சொல்லிப் போனை வைத்தாள் தேவமலர். பிறகு சிரித்தாள். "போதும்ணே. நீங்க அதை அழிச்சதை நான் பாத்துட்டேன்."

"பாத்துட்டியா? அப்புறம் ஏன் வழி முழுக்க என்னைத் திட்டினே?"

"அறுபத்து மூணு வயசு, ஒரே நாள்ல எழுநூறு கிலோமீட்டர். சும்மா வந்திருந்தா பாதி வழியிலயே கண்ணு சொருகியிருக்கும். திட்டினா ரோசம் வரும், தூக்கம் வராதுல்ல?"

ரங்கசாமி தலையைச் சொறிந்தார்.

"சரி, தெரிஞ்சுபோச்சு. சின்னப் பிள்ளை, இந்த ஒரு தப்பை மனசுல வச்சுக்காத தங்கச்சி. ஆர்டர் அவகிட்டயே இருக்கட்டும்."

தேவமலர் கிளாசைக் கீழே வைத்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது.

"அவ தப்பா? அவ பினாங்குன்னுதான் எழுதினா. 'ஆயர் ஈத்தாம்னா ஜொகூர்தான், எனக்குத் தெரியாதா'ன்னு அதட்டி மாத்த வச்சவ நான்தாண்ணே!"