இரண்டு கண்ணும் சேர்ந்தபோது

சிறு வயதிலிருந்தே தமிழ்ச்செல்வனுக்கு ஒரு கண்தான் உழைத்தது; மற்றதை மூளை கண்டுகொள்ளவே இல்லை. இரண்டும் சேர்ந்து பார்த்தால்தான் வேலை நிலைக்கும் என்று புதிய மேலதிகாரி சொல்லிவிட, அமீர்பேட் கண் கிளினிக்கில் நூலில் கோத்த மணிகளை மாதக்கணக்கில் உற்றுப் பார்த்து மூளையைப் பழக்கினான்.

ஒருநாள், அதுவரை தட்டையாகத் தெரிந்த மணிகள் முன்னும் பின்னுமாக விலகி நின்றன.

வீட்டுக்கு ஓடிவந்து, "ஆக்னஸ், உன் மூக்கு இவ்வளவு முன்னாடி நிக்குதா!" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் வேலைக்குப் போனவன், சற்று நேரத்தில் வெளிறிய முகத்தோடு மேலதிகாரியிடம் வந்தான்.

"சார், வேற வேலை குடுங்க."

"இப்பத்தானே கண்ணு சரியாச்சு?"

"அதான் சார் பிரச்சினை. தரை இவ்வளவு கீழே இருக்குன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியல," என்றான், முப்பது மாடிக் கட்டடத்தின் கண்ணாடிகளை வெளியே கயிற்றில் தொங்கியபடி துடைக்கும் தமிழ்ச்செல்வன்.