இடது தோளுக்கு ஒரு துவக்கு

முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கோடு வரை மனைவியின் இடக்கையை அளந்தான்.

பதின்மூன்று அங்குலம்.

“இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடி நிக்கிறது?” என்றாள் தயாநிதி.

“முடிஞ்சுது. நீர் போம்.”

பழைய வேட்டைத் துவக்கு. ஐம்பது வயது இருக்கும். கூட வேலை செய்த பின்லாந்துக்காரர் ஓய்வுபெற்றபோது அவனுக்கு விற்றார்.

போன இலையுதிர்காலம், வட ஒன்ராறியோவில் ஓர் ஏரிக்கரை. அவர்களுடைய கூடாரத்தை ஒரு கரடி முகர்ந்துவிட்டுப் போனது. இருவரும் சட்டியைத் தட்டித் தட்டித் துரத்தினார்கள். அதற்குப் பிறகுதான் அவன் லைசன்ஸ் எடுத்தான். தயாநிதி பழகிக்கொண்டால் அவளுக்கும் எடுக்கலாம். அவன் மீன்பிடிக்கப் படகில் போனால் கரையில் தனியே இருப்பவள் அவள்தானே.

அவளுக்கு அந்தத் துவக்கு நீளம்.

இரண்டு வாரம் கராஜிலேயே கிடந்தான். தோளில் முட்டும் மரப் பிடங்கின் அடியில் ஒன்றரை அங்குலம் அறுத்தான். ரப்பர் மெத்தை பொருத்தினான். குழலில் பிடித்திருந்த துருவைத் தேய்த்தெடுத்தான். மங்கல் வெளிச்சத்திலும் தெரியும்படி நுனியில் செம்மஞ்சள் குறி. தோளில் மாட்டத் தோல் வார். கடைசியாக, விசையைப் பூட்டும் பொத்தானைக் கழற்றி இடக்கைக்காரருக்கு ஏற்றபடி திருப்பிப் போட்டான்.

அவள் இடக்கைக்காரி அல்ல. வலது தோள்தான் சரியில்லை. ஊரில் சைக்கிளால் விழுந்தது என்று கலியாணத்துக்கு முதலே சொல்லியிருந்தாள். குளிர் தொடங்கினால் நித்திரையில் முனகுவாள். அந்தத் தோளில் துவக்கின் உதை விழக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தான்.

“பாரம்தான். பயப்பிடாதையும். உள்ளுக்கை ஒண்டும் இல்லை.”

அளவு நாடாவை எடுக்கத் திரும்பினான்.

முதுகுக்குப் பின்னால் துவக்கு திறபடும் சத்தம் கேட்டது.

அவள் குண்டு இருக்கும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். மூடினாள். இடது தோளில் ஏற்றினாள். கன்னம் மரத்தில் படிந்தது. கால் ஒன்று அரை அடி பின்னால் போயிருந்தது. விரல், அவன் இன்னும் காட்டித் தராத பொத்தானில் இருந்தது.

சுவர்த் தட்டிலிருந்த பெயின்ற் வாளியைப் பார்த்தபடி மூச்சை விட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

ஒரு கணம்தான்.

அவன் பார்ப்பதைக் கண்டாள். துவக்கு தாழ்ந்தது.

“இதை எப்பிடிப் பிடிக்கிறது?”

நாளைக்குக் காட்டுகிறேன் என்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.

கலியாணமாகி இருபத்தொரு வருடம்.

வன்னியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்ததாகச் சொல்லியிருந்தாள். மேலே அவன் ஒன்றும் கேட்டதில்லை. பாலர் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன கேட்பது?

யூட்யூப்பில் பார்த்திருப்பாளோ? இரண்டு வாரமும் இரவில் அவன் துவக்கு வீடியோக்களைத்தானே பார்த்தான். அவளும் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தாள். இருக்கலாம்.

சண்டை பெருக்க முதலே, பத்தொன்பது வயதில், அவன் நாட்டைவிட்டு வந்துவிட்டான். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சண்டைகளை விளக்குவது அவன்தான். எந்தப் பக்கத்தால் இறங்கியிருக்க வேண்டும், எங்கே பிழைத்தது. கரண்டியையும் உப்புப் போத்தலையும் மேசையில் வைத்துக் காட்டுவான். அவள் தேத்தண்ணி கொண்டுவருவாள். ஒருமுறை உப்புப் போத்தலை எடுத்து வேறோர் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மேசை துடைக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தான்.

ஞாயிறு காலை ஊருக்கு வெளியே, கைவிட்ட கல் குவாரிக்குப் போனார்கள். மண்மேட்டுக்கு முன்னால், முப்பது மீற்றர் தூரத்தில், ஓர் அட்டைப் பெட்டியை வைத்தான். கரடிக்கென்று வாங்கிய ஒற்றைக்குண்டுத் தோட்டாக்கள் இரண்டு.

கால், தோள், கன்னம். ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். ஒவ்வொன்றையும் பிழையாகச் செய்தாள். பிடங்கைக் கக்கத்துக்குள் செருகினாள். அவன் பின்னால் நின்று பிடித்துத் திருத்தினான். அவன் கைகளுக்குள் அவள் உடம்பு இறுகிப்போயிருந்தது.

சுட்டாள்.

பெட்டி அசையவில்லை.

மறுபடி சுட்டாள். அசையவில்லை.

“கண்ணை மூடிப்போட்டன்,” என்றாள். சிரிக்கப் பார்த்தாள்.

துவக்கை வாங்கி, வெறுமைதான் என்று பார்த்து, நிலத்தில் வைத்தான். பெட்டியை எடுக்க நடந்தான்.

பெட்டியில் கீறல்கூட இல்லை.

இடப்பக்கம், மண்மேட்டில் சாய்ந்தபடி ஒரு பட்ட மரம். அதன் அடியில் புதிதாகச் சிராய் சிதறிக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தான்.

நெஞ்சு உயரத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்றின் விளிம்பை மற்றது தொட்டுக்கொண்டிருந்தது.

ஒன்று தற்செயலாய்ப் படலாம்.

உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். இரண்டும் கைக்குள் மறைந்தன. அவளிடம் என்ன கேட்பது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை. கேட்டால் இருபத்தொரு வருடமாகத் தேத்தண்ணி தந்தவள் யாராகிவிடுவாள் என்றும் தெரியவில்லை.

“பட்டதே?” அங்கிருந்து கத்தினாள்.

அவள் குரலில் என்ன இருந்தது? பயமா, ஆசையா?

“இல்லை,” என்று கத்தினான். “ரெண்டும் எங்கையோ போயிட்டுது.”

குவாரிக்குள் அவன் குரல் ஒருமுறை சுற்றி அடங்கியது.

“அப்ப நீங்கள்தான் வடிவாச் சொல்லித் தரவேணும்.”

“வாறன்,” என்றான்.

கையை மரத்திலிருந்து எடுக்க நேரமானது.