முப்பது விநாடி வாசல்

அந்த மெயில் சர்வரின் வாசல்கதவு, யார் தட்டினாலும் முப்பது விநாடி கழித்துத்தான் வணக்கம் சொல்லும்.

"வர்றவங்களை இப்படியா நிக்க வைப்பே? இன்னொரு தடவை செஞ்சா உன்னைக் கழட்டச் சொல்லிடுவேன்," என்று உள்ளேயிருந்து கத்தியது இன்பாக்ஸ்.

"தாராளமா சொல்லு. இருக்கிறவரைக்கும் இப்படித்தான்," என்றது கதவு.

அப்போது ஒரு மெயில் பளபளவென்று வந்து நின்றது. வணக்கத்துக்குக்கூடக் காத்திராமல், "உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கு, சீக்கிரம் திறங்க, இன்னும் லட்சம் வீடு போகணும்," என்று பொரிந்து தள்ளியது. கதவு அசையவில்லை. பத்தாவது விநாடியில் அது அடுத்த வாசலுக்கு ஓடிவிட்டது.

அதன் பின்னால் வந்த சின்ன மெயில் முப்பது விநாடியும் பேசாமல் நின்றது.

"வணக்கம். உனக்கு அவசரமில்லையா?" என்று கேட்டது கதவு.

"அவசரம்தான். ஆனா எனக்குப் போறதுக்கு வேற வீடு இல்லையே."